முதியோரின் தனிக்குடித்தனம்

தமிழில் தனிக்குடித்தனம் என்ற சொல், மணமான இளையவர்கள் பெற்றோரின் வீட்டிலிருந்து பிரிந்து தனி அடுப்பு மூட்டுவதையே குறிக்கிறது. ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளிலிருந்து பின்லாந்தின் காட்டோரக் கிராமங்கள் வரை பரவியிருந்த ஐரோப்பிய உழவர் சமூகங்கள் பலவற்றில் இது தலைகீழாக நடந்தது. நிலமும் பெரிய வீடும் மகனுக்கோ மருமகனுக்கோ கைமாறிய நாளில், கட்டிலையும் துணிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு முற்றத்தின் மறுகோடியில் இருந்த சிறு வீட்டுக்குத் தனிக்குடித்தனம் போனவர்கள் முதியவர்களே. போக்கிடம் இல்லாமல் ஒதுக்கப்பட்டவர்களாக அவர்கள் போகவில்லை. ஆண்டுக்கு எத்தனை மூட்டை தானியம், நாளுக்கு எவ்வளவு பால், எத்தனை வண்டி விறகு, எந்தக் கிணற்றில் தண்ணீர், எந்த வழியே நடந்து போகும் உரிமை என்று ஒவ்வொன்றையும் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். முதுமையில் தன் வீட்டில் தன் விருப்பப்படி வாழ்வதற்கு முன்கூட்டியே திட்டமிடுவது ஓய்வூதியத்தோடும் காப்பீட்டோடும் வந்த புதுமை என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், பல நூற்றாண்டுகள் நீடித்த இந்த உழவர் வழக்கத்தை விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

வழக்கம் ஒன்றாக இருந்தாலும் அதன் பெயர் நாட்டுக்கு நாடு மாறியது. வட ஜெர்மனியில் அது ஆல்டன்டைல், அதாவது முதியோர் பங்கு. ஆஸ்திரியாவிலும் பொஹீமியாவின் ஜெர்மன் மொழிப் பகுதிகளிலும் ஔஸ்கெடிங்கே என்றார்கள். பேரம் பேசித் தனியே எடுத்து வைத்துக்கொண்டது என்பது அதன் பொருள். செக் மொழியின் வீமெனெக் என்ற சொல்லும் நிபந்தனையிட்டு ஒதுக்கிக்கொண்டதையே குறிக்கிறது. பவேரியாவில் ஔஸ்ட்ராக், சுவீடனில் உண்டன்தாக், நார்வேயில் கோர், டென்மார்க்கில் அஃப்டெக்ட், பின்லாந்தில் சூத்திங்கி என்று பட்டியல் நீளும். இச்சொற்களில் பெரும்பாலானவை இரக்கத்தையோ தருமத்தையோ சுட்டாமல், கொடுக்கும்போதே ஒரு பகுதியைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டதைச் சுட்டுகின்றன என்பது வழக்கத்தின் உயிர்நாடியைக் காட்டிவிடுகிறது. முதியவர் மகனிடம் எதையும் கேட்டுப் பெறவில்லை. தம்முடையதில் ஒரு பங்கைத் தாமே வைத்துக்கொண்டு மீதியைத் தந்தார்.

இந்த வழக்கம் ஏன் தோன்றியது என்பதற்கான விடை திருமணத்தில் இருக்கிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்திலிருந்து இத்தாலியின் டிரியெஸ்டே நகரம் வரை ஒரு கோடு போட்டால், அதற்கு மேற்கே உள்ள ஐரோப்பாவில் மக்கள் தாமதமாக மணந்தார்கள் என்றும், மணமாகாமலே வாழ்ந்தவர்களும் கணிசமாக இருந்தார்கள் என்றும் ஜான் ஹாஜ்னல் 1965-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை காட்டியது. தனிக் குடும்பம் நடத்த ஒரு பிழைப்பு கையில் வந்த பிறகே திருமணம் என்பது அங்கு நிலவிய முறை. நிலத்தைத் துண்டாடாமல் ஒரே வாரிசுக்கு முழுமையாகக் கொடுத்த பகுதிகளில், தந்தை பண்ணையை விட்டுக்கொடுக்கும் வரை மகனால் மணக்க முடியவில்லை. முப்பதை நெருங்கும் மகனும் அவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணும் தந்தையின் முடிவை எதிர்பார்த்து நின்றார்கள். நிலக்கிழாரும் சும்மா இருக்கவில்லை. வரியும் உழைப்புக் கடமையும் குறையாமல் கிடைக்க வேண்டுமானால் பண்ணையில் வலுவுள்ள ஒரு தம்பதி இருந்தாக வேண்டும் என்பதால், தளர்ந்துபோன குடியானவரை நிலத்தை ஒப்படைக்கும்படி அவரும் நெருக்கினார். ஆஸ்திரியாவின் ஹைடன்ரைக்‌ஷ்டைன் என்ற பண்ணைப்பகுதியின் 1763ஆம் ஆண்டு குடிக்கணக்கை ஆராய்ந்த லட்ஸ் பெர்க்னர், ஓய்வுபெற்ற பெற்றோரும் வாரிசுத் தம்பதியும் ஒரே பண்ணையில் சேர்ந்திருந்த நிலை எல்லாக் காலத்திலும் எல்லாக் குடும்பங்களிலும் இருந்ததன்று, குடும்பத்தின் வாழ்நாளில் வந்து கடக்கும் ஒரு பருவம் அது என்று 1972-இல் நிறுவினார். அந்தப் பருவம் நல்லபடியாகக் கழியவே பத்திரம் தேவைப்பட்டது.

பத்திரங்களைப் படிப்பவருக்கு முதலில் வியப்பளிப்பது அவற்றின் நுணுக்கம்தான். தொடக்கத்தில் இடம் வரும்: பெரிய வீட்டின் பின்னறையா, மாடியா, தனிச் சிறு வீடா என்பது பண்ணையின் வசதியைப் பொறுத்தது. ஏழைப் பண்ணைகளில் கணப்பின் அருகே உட்கார ஓர் இடமும் படுக்க ஒரு மூலையும்தான் கிடைத்தன. ஆனால் அந்த மூலையும் எழுத்தில் ஏறியது. அடுத்து உணவு. குளிர்நாடுகளில் ரொட்டிக்கு முதன்மையான தானியமாக இருந்த ரை, கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் ஆகியவை ஒவ்வொன்றும் எந்த அளவில் தரப்பட வேண்டும் என்பதோடு, தூற்றிச் சுத்தம் செய்த நல்ல தானியமாக இருக்க வேண்டும் என்றும், அதை மாவு அரைக்கும் ஆலைக்கு ஏற்றிச் சென்று கொண்டுவந்து சேர்ப்பது இளையவரின் பொறுப்பு என்றும் குறிப்பார்கள். சிலர் நாள்தோறும் பால் கேட்டார்கள். சிலர் பசுவையே தமக்கென வைத்துக்கொண்டு, அதற்குத் தொழுவத்தில் இடமும் தீவனமும் எழுதி வாங்கினார்கள். முட்டை, வெண்ணெய், பன்றி இறைச்சி, நூல் நூற்க ஆளிச்செடி பயிரிடும் ஒரு கீற்று நிலம், முட்டைக்கோசுக்கு ஒரு பாத்தி, குறிப்பிட்ட ஒரு பழமரத்தின் காய்ப்பு ஆகியவையும் இடம்பெற்றன. விறகைத் தருவது மட்டும் போதாது, வெட்டிப் பிளந்து வாசலில் கொண்டுவந்து அடுக்க வேண்டும் என்று எழுதியதில் கோடாரி தூக்க முடியாத காலம் வரும் என்ற முன்னறிவு தெரிகிறது.

பொருள்களுக்குப் பின் உரிமைகள் வரும். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் உரிமை, ரொட்டி சுடும் பொது அடுப்பில் தம் முறைக்குச் சுட்டுக்கொள்ளும் உரிமை, முற்றத்தைக் கடந்து தெருவுக்குப் போகும் உரிமை ஆகியவை, நிலத்தை இழந்த பிறகு ஒருவர் எவ்வளவு எளிதாக வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போவார் என்பதை அறிந்தவர்கள் கேட்டுப் பெற்றவை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வண்டியில் அழைத்துச் செல்வதும், நோயுற்றால் பணிவிடை செய்வதும், இறந்தால் முறைப்படி அடக்கம் செய்வதும் கடைசி வரிகளாக அமைந்தன. எல்லாவற்றையும்விடக் கூர்மையானது, ஒத்துப்போகாவிட்டால் என்று தொடங்கும் விதி. ஒரே மேசையில் மகன் குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடுவதாகத்தான் பல பத்திரங்கள் தொடங்கின; அது சரிப்படாமல் போனால் அன்றுமுதல் தனிச் சமையல், அதற்கு இன்னின்ன தானியம், இன்னின்ன பாத்திரம் என்று மாற்று ஏற்பாட்டையும் அதே பத்திரம் சொல்லிவிட்டது. மனக்கசப்பு வர வேண்டும் என்று ஒருவரும் விரும்பவில்லை. வந்தால் யார் வீட்டை விட்டு வெளியேறுவது என்ற கேள்வி அப்போது எழக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார்கள்.

பெற்ற மகனிடம் இப்படிக் கணக்கெழுதி வாங்கியதை அன்பின் வறட்சி என்று பிற்காலத்தினர் சிலர் பழித்ததுண்டு. அப்பழி பொருந்தாது. அளவு எழுதப்படாத இடத்தில் ஒவ்வொரு குவளைப் பாலும் ஒரு சலுகையாகிறது. மருமகளின் முகம் பார்த்து நாளைத் தொடங்க வேண்டிய நிலை வருகிறது. அளவு எழுதப்பட்ட இடத்தில் பால் உரிமையாக வந்து சேர்ந்துவிடுவதால், அதற்கு மேல் பேரப்பிள்ளை கொண்டுவந்து தரும் ஒரு துண்டு ரொட்டி அன்பாக மட்டுமே இருக்க முடிகிறது. இளையவருக்கும் பத்திரம் காவலாக இருந்தது: கிழவர் கேட்பதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை, எழுதியதைக் கொடுத்துவிட்டால் பண்ணையை நடத்துவதில் அவருடைய குறுக்கீட்டைத் தாங்கவும் வேண்டியதில்லை.

பத்திரத்தின் பலம் சட்டத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதன் காரணம், சொத்தின் மீதுள்ள அடமானம் போன்ற பொறுப்புகள் விற்பனையோடு மறைவதில்லை என்பதே. ஜெர்மன் மொழி நாடுகளில் முதியோர் பங்கும் அத்தகைய வில்லங்கமாக நிலத்தின் மீதே ஏறியது. ரெயாலாஸ்ட், அதாவது நிலச்சுமை என்று சட்டம் அதை அழைத்தது. 1900-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பு நிலச்சுமைக்கும் குடியிருப்பு உரிமைக்கும் தனிப் பிரிவுகளைத் தந்தது. மகன் கடன்பட்டுப் பண்ணையை விற்றாலும் முதியவர் சிறு வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. தானியத்தையும் பாலையும் புதிய உரிமையாளர் தர வேண்டும். பிள்ளை இல்லாதவர்கள் இதே வழியில் முற்றிலும் அந்நியரிடம் பண்ணையை விற்றுவிட்டு, அதே முற்றத்தில் தம் காலத்தைக் கழித்ததும் இதனாலேயே இயன்றது.

இங்கிலாந்தில் இதன் தடங்கள் இன்னும் பழையவை. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் நிலக்கிழாரின் ஊர் நீதிமன்றம் வைத்திருந்த சுருள் பதிவேடுகளில், முதிய குடியானவர்கள் நிலத்தை ஒப்படைத்து, உணவும் உடையும் அறையும் பெற்றுக்கொள்ளும் உடன்பாடுகள் ஏராளமாகப் பதிவாகியுள்ளன. பெறுபவர் வாக்குத் தவறினால் நிலம் முதியவரிடமே திரும்பும் என்ற நிபந்தனையும் அவற்றில் காணப்படுகிறது. இந்தியாவில் 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனையிட்டுப் பெற்ற சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக்கும் வழியைத் திறந்தபோது, ஏறத்தாழ அதே சிந்தனையையே கையாண்டது. அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டுமா என்பது இந்திய நீதிமன்றங்களில் வாதமாகவே தொடர்ந்தது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று வலியுறுத்தியது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில் சட்டத்தின் நோக்கத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும் பெற்றோர், ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் அதே பத்திரத்தில் சேர்ப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஆங்கிலக் குடியானவர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

நிலம் இல்லாமல் பணம் மட்டும் இருந்தவர்களுக்கு இங்கிலாந்தில் மடாலயங்கள் ஒரு வழியாக இருந்தன. பெருந்தொகை ஒன்றை மடத்துக்குக் கொடுத்துவிட்டு, உயிருள்ளவரை நாள்தோறும் ரொட்டியும் ஏல் என்ற மதுவும் மடைப்பள்ளியிலிருந்து ஓர் உணவும், சில வேளைகளில் தங்க அறையும் விறகும் மெழுகுவத்தியும் பெறும் உரிமையைக் கொரடி என்றார்கள். பணமுடையில் இருந்த மடங்கள் அளவுக்கு மீறி விற்றுவிட்டு, வாங்கியவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தபோது திணறின. எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் மடங்களைக் கலைத்ததோடு இந்த வழி அடைபட்டது.

முன்யோசனை இல்லாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவர்களைப் பற்றிய எச்சரிக்கைகள் மக்கள் நினைவில் ஆழமாகப் பதிந்திருந்தன. பெர்லினுக்குத் தெற்கே யூட்டர்போக் என்ற பழைய ஊரின் கோட்டை வாயில்களில் ஒரு கதாயுதம் தொங்குகிறது. தன் ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் தானே பட்டினி கிடப்பவனை இதனால் அடித்துக் கொல்லலாம் என்ற பொருளில் அதன் அருகே எழுதியிருக்கிறது. வேதனை என்னவென்றால், அந்த எச்சரிக்கை நன்றிகெட்ட பிள்ளைகளை விட்டுவிட்டு ஏமாந்த பெற்றோரையே சாடுகிறது. தமிழ்ப் பாட்டிமார்கள் சொல்லும் மண்சட்டிக் கதைக்கு இணையாக, கை நடுங்கும் தாத்தாவுக்கு மரக்கிண்ணத்தில் சோறிட்ட கதையைக் கிரிம் சகோதரர்கள் தம் தொகுப்பில் 78ஆம் கதையாக வைத்தார்கள். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனும் இந்த வரிசையில் வருபவனே: நாட்டைப் பகிர்ந்துவிட்டு நூறு வீரர்களையும், மகள்கள் இருவர் வீட்டிலும் மாதம் மாறித் தங்கும் உரிமையையும் அவன் ஒதுக்கிக்கொண்டான், ஆனால் அதை நிறைவேற்றித் தர ஒரு நீதிமன்றம் இல்லை. நூறு ஐம்பதாகி, ஐம்பது இருபத்தைந்தாகி, கடைசியில் ஒருவர்கூட எதற்கு என்ற கேள்வியில் முடிந்தது. 1606-இல் அந்நாடகத்தைக் கண்ட மக்களில் நிலம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பேரத்தின் ஓட்டை எங்கிருந்தது என்பது புரிந்திருக்கும்.

தனியாக வாழ்தல் என்பது பெரும்பாலும் கைம்பெண்களின் கதை. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவில், கணவன் இறந்த பின் மனைவி நாற்பது நாள் அவன் வீட்டில் இருக்கலாம் என்றும், அதற்குள் அவளுக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும், கணவன் இல்லாமல் வாழ விரும்புபவளை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் விதிகள் உள்ளன. ஆனால் அது நிலமுள்ள மேட்டுக்குடியினரை நோக்கியது. உழவர் கைம்பெண்ணுக்கு ஊர்வழக்கும் பத்திரமும்தான் காப்பு. வட ஜெர்மனியில் வாரிசு சிறுவனாக இருக்கும்போது தந்தை இறந்தால், கைம்பெண் ஒருவரை மறுமணம் செய்துகொண்டு, மகன் பருவமெய்தும் வரை அந்த இரண்டாம் கணவர் இடைக்கால உழவராகப் பண்ணையை நடத்துவார். பிறகு இருவருமே முதியோர் பங்குக்கு நகர்வார்கள். தம்பதியாகச் சிறு வீட்டுக்குப் போனவர்களில் ஒருவர் மறைந்தால் தானியம் குறையும் என்று பல பத்திரங்கள் கூறின. ஆனால் அறையும் விறகும் குறையவில்லை, ஏனென்றால் ஓர் அறையைச் சூடாக்க இருவருக்கு ஆகும் விறகே ஒருவருக்கும் ஆகும். தனியாக மிஞ்சிய அந்தப் பெண், குடிக்கணக்குகளில் மகனின் குடும்பத்தில் ஒருத்தியாகவும் ஓரளவு தனிக் குடும்பமாகவும் இரண்டு விதமாகத் தோன்றுகிறாள். நார்வேயின் 1801ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இத்தகையோர் தனி அடைமொழியோடு குறிக்கப்பட்டிருப்பது, ஊரார் அவர்களைத் தனித்த தகுதியுடையோராகக் கண்டதைக் காட்டுகிறது.

இவை அனைத்தும் கொடுப்பதற்கு நிலம் இருந்தவர்களுக்கு மட்டுமே. வாழ்நாள் முழுதும் பிறர் பண்ணையில் உழைத்துத் தேய்ந்த வேலையாட்களுக்கு ஒதுக்கிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. ஆஸ்திரியாவில் அவர்களை ஐன்லேகர் என்றார்கள். முதுமையில் ஊரின் பண்ணைகளுக்குச் சுற்றுமுறையாக அனுப்பப்பட்டு, ஒவ்வொன்றிலும் சில நாட்கள் உண்டு, தொழுவத்தின் வைக்கோலில் உறங்கி, துணி மூட்டையோடு அடுத்த பண்ணைக்கு நடந்தார்கள். நார்வேயில் லெக்ட் என்றும் சுவீடனில் ரூத்தெகோங் என்றும் பெயர்பெற்ற இதே முறை, முன்னதில் 1900ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தாலும் பின்னதில் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒழிந்தது. ஒரே முற்றத்தில் தன் கதவைத் தானே தாழிட்டுக்கொள்ளும் ஒரு கிழவியும், இன்றிரவு எங்கே படுப்பது என்று அறியாத இன்னொரு கிழவியும் எதிர்ப்பட்டிருப்பார்கள். ஐரோப்பிய உழவரின் முன்யோசனையைப் போற்றும் எந்த வரலாறும் அந்த இரண்டாவது பெண்ணை விட்டுவிட்டு எழுதப்படக் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விலை சரிந்தபோது, முதியோர் பங்கு இளைய தலைமுறையின் கழுத்தை நெரிப்பதாகப் பொருளியலாளர்கள் குறைகூறினார்கள். வாரிசு இடையில் இறந்து பண்ணை மீண்டும் கைமாறினால், ஒரே நிலம் இரண்டு முதியோர் பங்குகளைச் சுமக்க நேர்ந்தது. நகரங்களிலோ வேறொரு பேரம் நிலைபெற்றிருந்தது. பிரான்ஸில் 1804ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத் தொகுப்பு வியாஜே என்ற ஆயுள்கால விற்பனைக்கு விதிகள் தந்தது: வீட்டை விற்ற முதியவர் சாகும்வரை அதிலேயே குடியிருப்பார், வாங்கியவர் மாதந்தோறும் தொகை தருவார்; கையெழுத்திட்டபோது இருந்த நோயால் இருபது நாட்களுக்குள் விற்றவர் இறந்துவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. ஆர்ல் நகரில் 90 வயதான ழான் கல்மான் 1965-இல் இப்படித் தம் குடியிருப்பை ஒரு நோட்டரிக்கு எழுதிக்கொடுத்தார். வாங்கியவர் 1995-இல் 77 வயதில் இறந்தார், அவர் குடும்பம் தொடர்ந்து பணம் கட்டியது. கல்மான் 1997-இல் 122ஆம் வயதில் மறைந்தார்.

அரசின் ஓய்வூதியம் மெல்லத்தான் வந்தது. 1889-இல் பிஸ்மார்க் காலத்தில் இயற்றப்பட்ட ஜெர்மன் சட்டம் 70 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கானது. சொந்த நிலம் உழுதவர்கள் அதில் சேரவில்லை. 1923-இல் ஜெர்மன் மார்க்கின் மதிப்பு சிதறியபோது நகரத்து முதியோரின் வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டிக்குக்கூடப் போதாமல் போனது. ரையையும் பாலையும் எழுதி வாங்கியிருந்தவர்களின் பங்கு குறையவில்லை. 1957-இல்தான் மேற்கு ஜெர்மனி உழவர்களுக்கு முதுமை உதவித்தொகை அளித்தது. உணவும் உறைவிடமும் பண்ணையிலேயே கிடைக்கும் என்ற கணிப்பில் தொகை சிறிதாக இருந்தது. பண்ணையை ஒப்படைத்தால்தான் தொகை என்ற விதியும் இருந்தது. பழைய நிலக்கிழாரின் நெருக்குதலை நினைவூட்டிய அந்த விதி, 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ஏற்க மறுக்கும் வரை நீடித்தது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் பெரிய பண்ணை வீடுகளின் அருகே, அதே மரவேலைப்பாட்டோடும் அகன்ற கூரையோடும் நிற்கும் ஷ்டோக்லி என்ற சிறு வீடுகள் இன்றும் இருக்கின்றன. கடைசி மகனே பண்ணையைப் பெறும் வழக்கம் அங்கு இருந்ததால், அவன் வளர்ந்து வரும்போது பெற்றோர் ஏற்கெனவே முதுமையை எட்டியிருந்தார்கள். நாட்டின் நாடாளுமன்ற மேலவைக்கும் மக்கள் ஷ்டோக்லி என்றே செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். பவேரியாவில் பத்திரப் பதிவாளர் முன் எழுதப்படும் ஒப்படைப்பு ஆவணங்களில் கவனிப்பும் பணிவிடையும் என்ற பழைய சொற்றொடர் இன்னும் இடம்பெறுகிறது. ரை மூட்டைகள் மறைந்து, வெப்பமூட்டும் செலவும் மருத்துவரிடம் கார் ஓட்டிச் செல்வதும் அவற்றின் இடத்துக்கு வந்துவிட்டன. முன்னோர் எண்ணிப் பார்த்திராத ஒரு கேள்வி இப்போது அந்த ஆவணங்களில் புதிய பத்தியாகச் சேர்கிறது: மறதி நோயாலோ படுக்கையில் விழுந்ததாலோ முதியவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்தால், அவர் விட்டுச்செல்லும் அறை காலியாகக் காத்திருக்க வேண்டுமா, வாடகைக்கு விட்டு அந்தப் பணம் அவருக்கே சேர வேண்டுமா, அல்லது உரிமை அத்தோடு அணைந்துபோகுமா என்பதை, கையெழுத்திடும் முன்பே, பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி எழுதுகிறார்கள்.